பதினாறுக்கு மூன்று

ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குள் நுழைந்தால், கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்ளும். பெரிய கலத்தில் கற்பூர மரத்து இலை, அடியில் தண்ணீர், அதற்கும் கீழே நெருப்பு. மேலேறும் ஆவி குழாய்வழி போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. பிடித்து வைத்தால் கீழே தண்ணீர், மேலே தைலம். தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். கலத்துக்குள் 100 டிகிரிகூட இல்லை. பிறகு எப்படி வெளியே வந்தது?

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்மங்கள் ஒரே பாத்திரத்தில் இருந்தாலும், ஆவியாகும்போது ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. தண்ணீர் தன் ஆவியழுத்தத்தை முழுதாகக் கொடுக்கும், எண்ணெயும் அப்படியே. இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தை எட்டினால் போதும், கொதி வந்துவிடும். எண்ணெய் கொடுப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை இனித் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை.

எடைக் கணக்குக்குப் புரோமோபென்சீன் நல்ல உதாரணம். தனியே 156 டிகிரியில் கொதிப்பது, தண்ணீரோடு சேர்ந்தால் 95 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. அப்போது மொத்த அழுத்தமான 760 மில்லிமீட்டர் பாதரசத்தில் தண்ணீரின் பங்கு சுமார் 640, புரோமோபென்சீனின் பங்கு சுமார் 120. ஆவியில் அழுத்த விகிதம்தான் மூலக்கூறுகளின் விகிதமும். அதாவது 16 தண்ணீர் மூலக்கூறுகளோடு 3 புரோமோபென்சீன் மூலக்கூறுகள் ஏறுகின்றன. தண்ணீரின் மூலக்கூறு எடை 18; பதினாறுக்கு 288. மற்றதன் மூலக்கூறு எடை 157, மூன்றுக்கு 471. வடிந்த 100 கிராமில் 62 கிராம் புரோமோபென்சீன்! தலைகளை எண்ணினால் ஆறில் ஒன்றுகூட இல்லாதது, தராசில் பாதியைத் தாண்டிவிடுகிறது.

பாத்திரத்தில் எது எவ்வளவு இருந்தது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் எழவில்லை, கவனித்தீர்களா? எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாதிக்குப் பாதி ஊற்றினாலும், குடுவைத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டாலும், இரண்டும் மிச்சமிருக்கும்வரை வடிவது அதே விகிதத்தில்தான். வெப்பமானியும் அசையாது. புரோமோபென்சீன் தீர்ந்த பிறகுதான் பாதரசம் 100ஐ நோக்கி ஏறும். கணக்கைத் திருப்பிப் போட்டு, வடிந்த எடைகளிலிருந்து இன்னதென்று தெரியாத ஓர் எண்ணெயின் மூலக்கூறு எடையையும் கண்டுபிடிக்கலாம்.

கொட்டகையில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது. தைலம் இலையின் நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைந்து கிடக்கிறது. கசிந்து வெளியே வந்தால்தான் ஆவியோடு சேரும். அதனால் கணக்கு சொல்வதைவிடத் தண்ணீர் கூடுதலாகவே வடியும். ஆனால் மலை ஒரு சலுகை தருகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஊட்டியில் தண்ணீர் மட்டுமே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். தைலமும் சேர்ந்தால் அதற்கும் சற்றுக் கீழேயே கொதி வந்துவிடுகிறது.