ரஜாய், கம்பளி மடிக்க ஐந்து முறைகள்: அழகாகவும் ஈரம் தங்காமலும்

பறித்த பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு 80 பங்கு அளவுக்கு ஈரம் இருக்கும். அதை 10, 12 பங்குக்கு இறக்கிய பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து, காயின் நிறமும் மணமும் போய்விடும். போடியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ரஜாயையும் கம்பளியையும் எடுத்து வைக்கும்போது அந்த நினைப்பு நமக்கு வருவதில்லை. எழுந்த சூட்டோடு மடித்து, பீரோ மேல் ஏற்றி, அதற்கு மேல் ஒரு சூட்கேஸையும் வைத்துவிடுகிறோம். பார்வைக்கு அடுக்காகத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து விரித்தால் மக்கிய வாடை அடிக்கிறது. போர்த்திய பிள்ளை விடிய விடியத் தும்முகிறது.

ஆகவே மடிக்கும் முறைகளைச் சொல்வதற்கு முன், மடிக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுந்தவுடன் மடிக்க வேண்டாம்

தூங்கும்போது நம் வியர்வையும் மூச்சின் ஈரமும் போர்வைக்குள் இறங்குகின்றன. அந்தச் சூடும் ஈரமும் படுக்கைத் தூசியில் வாழும் மிகச் சிறிய பூச்சிகளுக்கு ஏற்றவை. அவை கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வளரும். அவற்றின் கழிவுதான் பலருக்குத் தும்மலையும் மூக்கடைப்பையும் உண்டாக்குகிறது. இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அதைக் கிளப்பிவிடுகிறது.

எழுந்ததும் போர்வையை உள்பக்கம் மேலே வரும்படி திருப்பிக் கொடியிலோ கட்டிலிலோ அரை மணி நேரம் விரித்துப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு வாசலில் நன்றாக உதறிவிட்டு மடியுங்கள். படுக்கும் முன் விரிப்பை உதறிவிட்டுப் படுப்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட சுன்னத். அதைக் காலையிலும் செய்தால் நல்லது.

வாரம் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். இரண்டு பக்கமும் காயட்டும். வெயிலிலிருந்து எடுத்ததும் மடிக்காமல், நிழலில் சூடு ஆறவிட்டு மடியுங்கள். போர்வைக்கும் தலையணைக்கும் உறை போட்டிருந்தால், துணி தாங்குமானால், உறையை மட்டும் கை பொறுக்காத வெந்நீரில் துவைக்கலாம். 55 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் அந்தப் பூச்சிகள் செத்துவிடும்.

போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கீழே போடியில் அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை. அவரவர் மழைக்காலம் தொடங்கும் முன்பே தடிப் போர்வைகளைக் காயவைத்துவிடுங்கள். வெயிலே இல்லாத நாட்களில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி உலர்த்தலாம். ஈரம் சந்தேகமாக இருந்தால் அன்று மடிக்காமல் விரித்தே வைத்திருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் உலர்த்த வேண்டாம்.

ஜப்பானில் பாய் விரித்த அறைகளில் வாழும் குடும்பங்களும் தரையில் மெத்தை விரித்துப் படுத்து, காலையில் அதை மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். வெயில் அடித்தால் அதே மெத்தைகள் மாடிக் கைப்பிடியில் தொங்கும். ஓர் அறை பகலில் கூடமாகவும் இரவில் படுக்கை அறையாகவும் இருக்கும் வீடுகளுக்கு எங்கும் ஒரே பாடம்தான்.

உள்ளே இருப்பது என்ன?

எப்படி மடிப்பது என்பது உள்ளே இருக்கும் பஞ்சைப் பொறுத்தது.

இலவம் பஞ்சு: நம் ஊர் மெத்தைக்கும் தலையணைக்கும் பேர் வாங்கித் தந்த பஞ்சு. இதன் இழை உள்ளே காற்று நிறைந்த குழல் போன்றது. மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால்தான் லேசாக இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை உடைகளுக்குள் இதைத்தான் திணித்தார்கள். ஆனால் இழை எளிதில் ஒடியும். ஒரே இடத்தில் அழுத்தி மடித்தால் அங்கே பஞ்சு நொறுங்கிக் கட்டி தட்டிப்போகும். துவைக்கக் கூடாது, வெயில் மட்டும் போதும். இது சட்டென்று தீப்பிடிக்கும் பஞ்சு. அடுப்பு, மெழுகுவர்த்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் இதன் பக்கத்தில் வேண்டாம்.

பருத்திப் பஞ்சு ரஜாய்: ஜெய்ப்பூர் ரஜாய் இந்த வகை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இதைத்தான் அதிகமாகக் காயவைக்க வேண்டும்.

ஃபைபர் ரஜாய்: செயற்கைப் பஞ்சு. வீட்டிலேயே துவைக்கலாம், சீக்கிரம் காயும். நெடுநாள் இறுக்கிக் கட்டினால் சப்பையாகிவிடும்.

கம்பளி: அசல் ஆட்டு ரோமம் என்றால் பூச்சி அரிக்கும். எடுத்து வைக்கும் முன் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாமல் சுத்தம் செய்துவிடுங்கள். பூச்சி முதலில் வருவது அங்கேதான்.

மடிக்கும் முறைகள்

1. மூன்று மடிப்பு. அன்றாடம் போர்த்தும் ரஜாய்க்கு ஏற்றது. சுத்தமான பாயில் விரித்துச் சுருக்கம் நீவுங்கள். அகலத்தில் இடது பக்க மூன்றில் ஒரு பங்கை நடுவே மடியுங்கள். வலது பக்கத்தை அதன் மேல் மடியுங்கள். நீளமான பட்டை கிடைக்கும். அதையும் அதேபோல் மூன்றாக மடியுங்கள். பிசிறு ஓரங்கள் உள்ளே போய், வெளியே வழவழப்பான மடிப்பு மட்டும் தெரியும்.

2. இருவர் மடிப்பு. டபுள் ரஜாயைத் தனியாக மடித்தால் தரையில் புரண்டு தூசி ஒட்டும். இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு முறை உதறுங்கள். இருவரும் தத்தம் இரண்டு முனைகளைச் சேர்த்தால் அகலம் பாதியாகும். இன்னொரு முறை சேர்த்தால் கால் பங்காகும். பிறகு ஒருவர் நடந்து வந்து மற்றவர் கையில் முனையைச் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும்தான்.

3. தளர்ந்த சுருள். இலவம் பஞ்சு மெல்லிய மெத்தைக்கும் ஃபைபர் ரஜாய்க்கும் ஏற்றது. மடிப்புக் கோடே விழாது. அகலத்தை அப்படியே வைத்தோ ஒரு முறை பாதியாக்கியோ, பாய் சுருட்டுவதுபோல் இறுக்காமல் சுருட்டுங்கள். கயிற்றுக்குப் பதில், பழைய துணியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். கயிறு பஞ்சை அறுத்த மாதிரி அழுத்தும்.

4. பைச் சுருள். மெல்லிய போர்வைக்கும், மலைக்கு வேலைக்குப் போய்த் தங்குபவர்கள் பையில் வைக்கும் கம்பளிக்கும் ஏற்றது. விரித்த போர்வையின் கால்மாட்டு ஓரத்தை ஒன்றரைச் சாண் அளவு அடிப்பக்கமாக மடியுங்கள். பிறகு இரண்டு பக்கங்களையும் மேற்புறமாக மூன்று மடிப்பாக்குங்கள். தலைமாட்டிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி வந்தால், கடைசியில் அடியில் மடித்த ஓரம் ஒரு பைபோல் வாய் திறந்திருக்கும். அதைப் பிரித்துச் சுருளின் மேல் கவிழ்த்துவிடுங்கள். ஜீப்பில் எப்படிக் குலுங்கினாலும் அவிழாது.

5. உறைக்குள் மடிப்பு. இடம் குறைந்த வீட்டுக்கு. மூன்று மடிப்பாக மடித்த போர்வையைப் பெரிய தலையணை உறைக்குள் நுழைத்துவிடுங்கள். பகலில் சாய்ந்துகொள்ளத் திண்டாகவும் ஆகும். விருந்தாளி வந்தால் ஒருவருக்கு ஓர் உறை என்று எடுத்துக் கொடுக்கலாம்.

எந்த முறையானாலும் ஒரே கோட்டில் மாதக்கணக்கில் மடிக்காதீர்கள். ஒரு முறை மூன்றாக மடித்தால் அடுத்த முறை பாதியாக மடியுங்கள். கோடு மாறினால் பஞ்சும் துணியும் நாள்பட உழைக்கும்.

எடுத்து வைக்கும்போது

பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. பழைய பருத்தி வேட்டியிலோ சேலையிலோ மூட்டையாகக் கட்டுங்கள். சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கனமான ரஜாய் அடியிலும் லேசானவை மேலேயும் இருக்கட்டும், சூட்கேஸ் வேண்டாம்.

அந்துருண்டை விஷயத்தில் தாய்மார்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நாப்தலின் உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துப் பச்சிளம் குழந்தைக்குச் சுற்றக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும், பரிசோதித்தால்தான் தெரியும். அந்தக் குழந்தைகள் இந்த ஆவியைச் சுவாசித்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வளர்ந்த பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அதற்குப் பதில், நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து மடிப்புகளுக்கு நடுவே வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பிறருக்குக் கொடுக்கும்போது

மழைக்காலத்தில் பள்ளிவாசலுக்கோ டிரஸ்ட்டுக்கோ போர்வை கொடுக்க எண்ணுகிறவர்கள், வாங்குபவர் அன்று இரவே போர்த்திக்கொள்ளும் நிலையில் கொடுங்கள். பிரிந்த தையலைப் போடுங்கள். துவைக்கக் கூடியதைத் துவைத்து, மற்றதை வெயிலில் காயவைத்து, மூன்று மடிப்பாக மடித்துத் துணிப்பட்டையால் கட்டுங்கள். சிங்கிளா, டபுளா என்று ஒரு சீட்டில் எழுதிச் செருகுங்கள். அந்துருண்டை ஒன்றும் உள்ளே இல்லையென்று பாருங்கள். வாங்கிப் போகும் வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். நமக்கு யாராவது கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வோமா என்று கேட்டுப் பார்த்து, ஆம் என்றால் மட்டும் அந்தக் கட்டை அனுப்புங்கள்.