சுவரின் நிறமும் மனத்தின் நிலையும்

வீட்டுச் சுவருக்கு எந்த நிறம் தீட்டுவது என்பது அவரவர் ரசனையைப் பொறுத்த காரியம் என்றே பலரும் கருதுவர். நீலம் அமைதி தரும், சிவப்பு சினத்தைத் தூண்டும், பச்சை களைப்பை நீக்கும் என்று வர்ணக் கடைகளில் கூறக் கேட்கிறோம். இக்கூற்றுகளில் மெய் எவ்வளவு? கேரளத்தில் தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் இரு எல்லைப் பகுதிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. ஆயினும் இரண்டும் தமிழ்நாட்டு எல்லையைத் தொடுகின்றன. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் ஆகியவை பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய தாழ்நிலத்து ஊர்கள். அங்குக் கோடை கொடிது. 2016 ஏப்ரலில் மலம்புழையில் வெப்பம் 41 டிகிரி செண்டிகிரேடைக் கடந்தது. மூணாறு, தேவிகுளம் முதலியவையோ மலைமேல் உள்ளவை. மூணாற்றின் உயரம் சுமார் 1,500 மீட்டர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கு நாட்கணக்கில் சூரியனைக் காண்பது அரிது. ஓரிடத்தில் ஒளி மிகை. மற்றோரிடத்தில் ஒளிக்கே பஞ்சம். ஒரே நிறம் இரண்டு இடத்திற்கும் ஒரே பயனைத் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நிறம் நேராக மனத்தை ஆளும் என்ற கொள்கைக்கு ஆதாரம் வலுவானதன்று. 1979-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கடற்படைக் காவற்கூடம் ஒன்றில் அறையை ஒருவகை இளஞ்சிவப்பாக்கினர். அதனால் கைதிகளின் முரட்டுத்தனம் தணிந்தது என்று பறைசாற்றப்பட்டது. பிற்காலத்தில் சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் இளஞ்சிவப்பு அறைகளையும் வெள்ளை அறைகளையும் முறையாக ஒப்பிட்டபோது அத்தகைய பயன் தென்படவில்லை. ஒரு நிறத்தை விரும்புவதும் வெறுப்பதும் பெரும்பாலும் பழக்கத்தாலும் நினைவாலும் அமைவன. ஒருவருக்கு மஞ்சள் மங்கலம். மற்றொருவருக்கு அது மருத்துவமனைச் சுவரை நினைவூட்டலாம்.

ஆனால் ஒளியின் செய்தி வேறு. கண் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. பார்வைக்கு முக்கியமான உயிரணுக்களைத் தவிர, ஒளியை நேரே உணர்ந்து உடலுக்குப் பகல் எது, இரவு எது என்று அறிவிக்கும் வேறொரு வகை உயிரணுக்களும் விழித்திரையில் உண்டு என்பது 2002-இல் உறுதிப்பட்டது. பகலெல்லாம் மங்கிய அறையில் இருப்போருக்கு இவ்வறிவிப்பு தெளிவாகக் கிட்டுவதில்லை. அதனால் உறக்கத்தின் ஒழுங்கு குலையலாம். சோர்வும் ஊக்கக்குறைவும் தோன்றலாம். சுவரின் நிறம் மனநிலையைத் தொடுவது பெரும்பாலும் இவ்வழியாகவே. அதாவது, நிறத்தின் பெயரைக் காட்டிலும் அந்நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதே முதன்மையானது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பி விடுகிறது. அந்த 80 பங்கு எதிர்ச்சுவரில் பட்டு 64 ஆகவும், பின்னர் 51 ஆகவும் திரும்புகிறது. இவ்வாறு அலையும் ஒளியையெல்லாம் கூட்டினால், மூடிய அறை ஒன்றில் சுவர்கள்மேல் படும் ஒளி உட்புகுந்ததைப்போல் 5 மடங்காகிறது. நூற்றுக்கு 50 பங்கு திருப்பும் சுவராயின் 2 மடங்கு. 20 பங்கே திருப்பும் அடர்நிறச் சுவராயின் 1¼ மடங்கு. உண்மை வீடுகளில் பலகணி வழியே ஒளி வெளியேறுவதாலும், தரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஒளியை விழுங்குவதாலும் வேறுபாடு இத்துணைப் பெரிதாக இராது. ஆயினும் அது கண்ணுக்குப் புலப்படும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். ஒரே அளவான இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து, ஒன்றின் உட்புறம் வெள்ளைத் தாளையும் மற்றதில் கரும்பச்சைத் தாளையும் ஒட்டுக. இரண்டிலும் பக்கத்தில் தீப்பெட்டியளவு சாளரம் ஒன்றும், எதிர்ப்பக்கத்தில் கண் வைத்துப் பார்க்கச் சிறு துளை ஒன்றும் வெட்டுக. உள்ளே செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து மாணவரைப் படிக்கச் சொன்னால் எஞ்சிய விளக்கத்திற்கு வேலை இராது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளாதலால் பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க இயலாது. ஒளி முன்புறமும் பின்புறமும் மட்டுமே நுழைகிறது. விறகடுப்பு இருப்பின் புகை படிந்து மேற்கூரையின் உட்புறம் கறுக்கிறது. கறுத்த பரப்பு பத்தில் ஒரு பங்கு ஒளியைக்கூடத் திருப்புவதில்லை. அழுக்குத் தெரியாது என்பதற்காகச் சுவர் முழுவதையும் கரும்பச்சையாக்குவோரும் உண்டு. அழுக்கு மறைவது மெய்தான். அதனுடன் பகலும் மறைகிறது! இடுப்புயரம் வரை அடர்நிறம், அதற்குமேல் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் என்று பிரித்துக்கொண்டால் குழந்தைகளின் கைக்கறைக்கும் ஒளிக்கும் சேர்ந்தே வழி பிறக்கும். மேற்கூரையின் உட்புறத்தையே முதலில் வெளுக்க வேண்டும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கம் இவ்வகையில் அறிவுடையது. நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரமுடையது. ஈரச் சுவரில் பூஞ்சணம் பற்றுவதை அது தடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது படிப்படியாகக் கல்சியம் கார்பனேட்டாக மாறுகையில் அக்காரம் குறைந்துவிடும். எனவே ஆண்டுதோறும் புதுப்பிப்பது வீண் செலவன்று. சுண்ணாம்புடன் நீலம் கலப்பது அதன் மஞ்சட் சாயலை மறைத்து வெண்மையை மிகுத்துக் காட்டும். ஆனால் திரும்பும் ஒளி உண்மையில் சற்றுக் குறைகிறது. சிட்டிகைக்கு மேல் வேண்டாம். காவியும் செம்மண்ணும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள். தாங்காத சாயங்கள் விரைவில் வெளிறிப்போகும்.

பாலக்காட்டுப் பக்கம் சிக்கல் வேறு. நீலச் சுவர் அறையைக் குளிர்விக்கும் என்பர். உஷ்ணமானி அதனை ஒப்புக்கொள்வதில்லை. குளிர்ச்சியாகத் தோன்றுவதும் சிறிதளவே. வெப்பத்தைக் குறைக்க வேண்டுமாயின் நிறத்தை வெளியே தீட்ட வேண்டும். மொட்டைமாடியையும் மேற்குச் சுவரின் வெளிப்புறத்தையும் வெள்ளையாக்கினால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போகும். உள்ளே கண்கூச்சமே பகை. சாளரம் அமைந்த சுவர் அடர்நிறமாயின், பிரகாசமான சாளரமும் இருண்ட சுவரும் அருகருகே நின்று கண்ணை வருத்தும். அச்சுவர் வெளிறியிருப்பதே நலம். பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரை வாயிலில் விழும் வெயிலை விழுங்கிக் கூச்சத்தைத் தணிக்கிறது. அதில் கால் வைத்தால் தோன்றும் குளிர்ச்சிக்கோ நிறம் காரணமன்று. சிமெண்டு உடல் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதே காரணம்.

வர்ணம் மனத்தைக் கெடுப்பதற்கு ஐயமற்ற சான்று உள்ள வழியும் ஒன்றுண்டு. அது ஈயம். பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் கொண்ட பழைய எனாமல் வர்ணங்களில் ஈயக் குரோமேட்டு பெரிதும் பயன்பட்டது. கதவு, சாளரம், தொட்டில் ஆகியவற்றிலிருந்து உதிரும் செதிலும் தூசியும் குழந்தைகளின் கைவழியே வாய்க்குச் செல்கின்றன. சிறு அளவேயாயினும் ஈயம் வளரும் மூளையைத் தாக்கிக் கற்கும் திறனைக் குறைக்கும். சிடுசிடுப்பையும் கவனக்குறைவையும் உண்டாக்கும். வகுப்பில் மந்தமென்று பெயர் வாங்கிய பிள்ளையின் வீட்டுக் கதவையும் ஆசிரியர் ஒருமுறை பார்ப்பது தகும். 2017 நவம்பர் 1 முதல் நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது சட்டம். ஆனால் அதற்கு முன் தீட்டியவை இன்னும் கதவுகளிலேயே உள்ளன. அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் தீயிட்டு உரிப்பதும் கூடா. நன்கு நனைத்துத் தேய்த்து, உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை முடியும்வரை கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் அவ்வீட்டில் இருக்கவிடலாகாது.