ஆசியச் சைக்கிள் களம்

1951-இல் புது டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே சைக்கிள் பந்தயம் இருந்தது. 1954-இல் மணிலாவில் அதற்கு இடமில்லை. 1958-இல் டோக்கியோவில் திரும்பி வந்தது.

பின்னாளில் நம்மை வியக்க வைத்தது சின்னஞ்சிறு ஹாங்காங்! அடுக்குமாடிகள் நெருக்கியடிக்கும் அந்த நகரத்தின் வோங் காம்-போ, 1998, 2006, 2010 என மூன்று முறை சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். அங்கே உள்ளரங்கச் சைக்கிள் ஓடுதளம் திறக்கப்பட்டதே 2013-இல்தான். அதற்கு முன்பே, 2010-இல், ஓடுதளத்தில் நடக்கும் 500 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வாங்கிவிட்டார் அதே நகரத்தின் வீராங்கனை சாரா லீ. எத்தனை உறுதி வேண்டும் அதற்கு! 2014, 2018 இரண்டு போட்டிகளிலும் ஸ்பிரிண்ட் பந்தயம், ஜப்பானில் தோன்றிய கெய்ரின் பந்தயம் இரண்டிலுமே தங்கம் அவருக்குத்தான்.