இத்தாலிய மொழிக்குத் தமிழே ஏணி

இத்தாலியின் நடுவே, உம்ப்ரியா மாநிலத்தில் மலைமேல் அமைந்த பழைய நகரம் பெருஜா. இங்கே 1921-இல் வெளிநாட்டினருக்காகத் தொடங்கிய வகுப்புகள் இன்று தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கின்றன. கோடையில் பல நாட்டு மாணவர்கள் மொழி கற்க வருவார்கள். ஒரு ஜூலை மாதம் நானும் சேர்ந்தேன். சேமிப்பில் பெரும்பகுதியும் ஆண்டு விடுமுறை மொத்தமும் அதற்கே போயின.

நான்கு வாரத்தில் ஒரு மொழி முழுதாக வராது. ஆனால் சந்தையில் பேரம் பேச, வழி கேட்க, அறிவிப்புப் பலகை படிக்க வந்துவிட்டது.

தமிழ் கைகொடுத்தது

ஆங்கிலம் தெரிந்தால் ஐரோப்பிய மொழிகள் எளிது என்பார்கள். சொற்களுக்கு அது உதவியது. ஒலிக்கும் இலக்கணத்துக்கும் உதவியது தமிழ்தான்.

இத்தாலியத்தில் ‘பென்னா’ என்றால் எழுதுகோல். ‘பேனா’ என்றால் வேதனை! மெய்யெழுத்து இரட்டித்தால் பொருள் மாறிவிடும். ‘கனி’, ‘கன்னி’ என்று பழகிய நம் நாக்குக்கு இது இயல்பு. ஆங்கிலம் மட்டுமே அறிந்த வகுப்புத் தோழர்கள் பல நாள் திணறினார்கள்.

வினைச்சொல்லும் நம்மைப் போலத்தான். ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன். ‘பார்லி’ என்றால் பேசுகிறாய். ‘பர்லியாமோ’ என்றால் பேசுகிறோம். ‘நான்’, ‘நீ’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடும். நண்பரிடம் ‘தூ’, பெரியவரிடம் ‘லேய்’ என்று மரியாதை வேறுபாடும் உண்டு.

தமிழ் உதவாத இடமும் இருக்கிறது. அங்கே புத்தகம் ஆண்பால், நாற்காலி பெண்பால்! மனப்பாடம்தான் வழி.

ஊரே வகுப்பறை

பால் நுரைத்த கப்புச்சினோ காலையோடு சரி. சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் கடுங்காப்பி, அதையும் பெரும்பாலோர் நின்றபடியே குடிக்கிறார்கள். உம்ப்ரியாவின் பாரம்பரிய ரொட்டியில் உப்பே கிடையாது. மாலையானால் வன்னூச்சி வீதியில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று குடும்பமாக உலாவுவார்கள். இதற்குப் ‘பஸ்ஸெஜ்ஜாத்தா’ என்று பெயர். வகுப்பில் படித்ததை நான் பேசிப் பழகியது அந்த வீதியில்தான்.

அங்கிருந்தபோது வீரமாமுனிவரை அடிக்கடி நினைத்தேன். 1680-இல் வட இத்தாலியில் பிறந்த பெஸ்கி, தமிழகம் வந்து, நம் மொழியில் தேம்பாவணி என்ற காப்பியமும் சதுரகராதியும் படைக்கும் அளவுக்குத் தேர்ந்தார். அவரோடு ஒப்பிட்டால் என் நான்கு வாரம் எம்மாத்திரம்?

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். அடுத்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறான். ‘தமிழ் கூடுதல் சுமை, விட்டுவிடலாமா?’ என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அவனிடம் பேனா, பென்னா கதையைச் சொன்னேன். தமிழை நன்றாகப் படித்தவனுக்கு அடுத்த மொழி சுமையாகாது என்பது என் அனுபவம். அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. இதே பேச்சு நடக்கும் மற்ற வீடுகளும் இதை யோசிக்கலாம்.

போக விரும்புவோருக்கு

சியேனா நகரிலும் இத்தகைய பல்கலைக்கழகம் உண்டு. எண்கள், கிழமைகள், நேரம் சொல்வது ஆகியவற்றை இங்கேயே படித்துவிட்டுப் போனால் முதல் வாரம் வீணாகாது. கையில் சான்றிதழ் வேண்டுமென்றால் பெருஜா பல்கலைக்கழகத்தின் ‘செலி’ தேர்வை எழுதலாம். முடிந்தால் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குங்கள். சாப்பாட்டு மேசையில் மொழி வேகமாக வரும்.