பிரசவ நாளும் பத்து மாதக் கணக்கும்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் கர்ப்பிணிகளிடம், நம் பெண்கள் குழுவின் சகோதரிகள் முதலில் கேட்பது கடைசி மாதவிலக்கு வந்த தேதியைத்தான். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது" என்பது. தேதி கேட்டால் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள்.

சென்ற ஆண்டு நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தலைப்பிரசவம். பத்து மாதம் நிறைய இன்னும் நாள் இருக்கிறது என்று வீட்டில் எண்ணிக் கொண்டிருந்தார்கள். கடைசியாக எடுத்த ஸ்கேனிலும் 37 வாரம் என்றே இருந்ததால், மூன்று வாரம் பொறுக்கலாம் என்று இருந்துவிட்டார்கள். ஒரு நாள் குழந்தையின் அசைவு குறைந்தது. பதறிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவர் கேட்டது முதல் ஸ்கேன் அறிக்கையை. அதுவோ மாலூரில் தாய் வீட்டு பீரோவில் இருந்தது. அங்கிருந்து செல்போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். அதைப் பார்த்து எண்ணினால் 41 வாரம் தாண்டியிருந்தது! அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தையைச் சில நாள் தனிப்பிரிவில் வைத்திருந்தார்கள். இன்று தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

இந்தக் குடும்பம் அக்கறை இல்லாத குடும்பம் அல்ல. கணக்குதான் தவறியது. ஆகவே அந்தக் கணக்கை எல்லோரும் அறிந்து கொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

பிரசவ நாளைக் கணக்கிடும் முறை

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். இதுவே மருத்துவர்களின் கணக்கு. எளிய வழி: அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் சென்று, ஏழு நாள் கூட்டுங்கள். 2026 ஜனவரி 10 முதல் நாள் என்றால், மூன்று மாதம் பின்னால் அக்டோபர் 10; ஏழு நாள் கூட்டினால் 2026 அக்டோபர் 17. ஜெர்மனியில் வாழ்ந்த நேகலே என்ற மகப்பேறு மருத்துவரின் பெயரால் இம்முறை வழங்குகிறது.

பிறைத் தேதி வைத்திருப்பவர்கள் ஒன்பது பிறை மாதமும் 14 அல்லது 15 நாளும் கூட்ட வேண்டும். ரமலான் பிறை 5 என்றால், ஜமாதுல் ஆகிர் பிறை 19 அல்லது 20 வரும்.

நம் பெரியவர்கள் சொல்லும் பத்து மாதமும் பொய்யல்ல. 28 நாள் கொண்ட பத்து மாதம் சரியாக 280 நாள். அதையே முப்பது நாள் மாதமாக எண்ணினால் 300 நாள் ஆகிவிடும். இருபது நாள் கூடுதல்! குளிக்காமல் தள்ளிப்போன மாதத்தை முதல் மாதமாக எண்ணத் தொடங்கினால் இன்னும் நான்கு வாரம் பிசகும். ஆகவே மாதத்தை விட்டு வாரத்தில் எண்ணுங்கள்.

இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்களுக்கு உரியது. 35 நாளுக்கு ஒருமுறை வந்தால் பிரசவ நாளும் ஏழு நாள் தள்ளும். ஒழுங்கில்லாமல் வருபவர்களுக்கும், பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராமலேயே கருத்தரித்தவர்களுக்கும் ஆரம்ப ஸ்கேனே வழி.

எந்த ஸ்கேனை நம்புவது?

ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒவ்வொரு தேதி வருகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்கின்றன. அதனால் அப்போது எடுக்கும் ஸ்கேன் காட்டும் தேதியில் ஒரு வாரத்துக்கு மேல் பிழை வராது. கடைசி மாதங்களில் ஒரு குழந்தை பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். அப்போது கணக்கு மூன்று வாரம் வரைகூட மாறலாம். மேலே சொன்ன குடும்பத்தில் குழந்தை சிறியதாக இருந்ததால்தான் வாரம் குறைத்துக் காட்டியது. முதல் ஸ்கேனில் மருத்துவர் உறுதி செய்த தேதியே கடைசி வரை தேதி. அந்த அறிக்கை கர்ப்பிணியுடனேயே இருக்கட்டும்.

ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கொடுப்பவன் அல்லாஹ்.

மூன்று பருவங்கள்

முதல் பருவம் 13 வாரம் வரை. குமட்டலும் அசதியும் இருக்கும். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் போடக்கூடாது. ஃபோலிக் அமில மாத்திரை அவசியம். இரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

இரண்டாம் பருவம் 14 முதல் 27 வாரம் வரை. இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் சாப்பிட வேண்டும். 18 முதல் 20 வாரத்தில் தலைப்பிரசவக்காரர்கள் அசைவை உணர்வார்கள். மறுபிரசவத்தில் சற்று முன்னதாகவே தெரியும். உறுப்புக் குறைபாடுகளைப் பார்க்கும் ஸ்கேனும், 24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் இப்பருவத்தில்தான்.

மூன்றாம் பருவம் 28 வாரம் முதல் பிரசவம் வரை. கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

37 வாரத்துக்கு முன் வலி எடுத்தால் அது குறைப்பிரசவ வலி. குழந்தையின் நுரையீரலுக்கு வலுவூட்டும் ஊசி போடுவதா என்பதை மருத்துவர் வாரக் கணக்கை வைத்தே முடிவு செய்வார். 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால் நஞ்சுக்கொடியின் திறன் குறையத் தொடங்கலாம். எனவே தேதி கடந்தால் வீட்டில் இருக்கக்கூடாது. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37-க்கும் 42-க்கும் இடையில் எப்போதும் பிறக்கலாம் என்று எண்ணித் தயாராக இருங்கள்.

மார்க்கமும் கணக்கும்

தொழுகையை விடும் நாளையும், களா நோன்பையும் எண்ணி வைக்கும் நம் பெண்களுக்குத் தேதி குறிப்பது புதிய பழக்கமல்ல. அல்அஹ்காஃப் சூராவில் வரும் முப்பது மாதக் கணக்கையும், லுக்மான் சூராவில் வரும் இரண்டு ஆண்டுப் பால்குடிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, கர்ப்பத்தின் குறைந்த காலம் ஆறு மாதம் என்று ஸஹாபாக்கள் விளக்கம் கண்டார்கள். ரூஹ் ஊதப்படுவதாக உலமாக்கள் கூறும் 120 நாள் கருத்தரித்ததிலிருந்து எண்ணுவது. மருத்துவரோ இரண்டு வாரம் முன்னிருந்தே எண்ணுகிறார். அந்த 120 நாள் அவர் கணக்கில் சுமார் 19 வாரம். கரு கலைந்த துயரத்தில் அடக்கம் பற்றி இமாமிடம் கேட்கும்போது இந்த வேறுபாட்டையும் சொல்லிக் கேளுங்கள்.

ரமலானில் தனக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. நோற்பதா விடுவதா என்பதில் மருத்துவரையும், ஃபித்யா பற்றி நம் பள்ளி இமாமையும் கேளுங்கள்.

அரசு உதவியும் வேலையும்

கரு உறுதியானதும், 12 வாரம் முடிவதற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெறுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு இந்தப் பதிவு தேவை. தகுதியுள்ள ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து அதன் மதிப்பு 18,000 ரூபாய். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட்டிலும் ஓசூரிலும் வேலைக்குப் போகும் நம் பெண் பிள்ளைகள் பலர். தகுதிக்குரிய நாட்கள் வேலை செய்திருந்தால், சட்டப்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அந்த எட்டு வாரத்தை எண்ணுவதும் பிரசவ நாளை வைத்துத்தான்.

பிரசவத்துக்குத் தாய் வீடு செல்பவர்கள், குறிப்பாகக் கர்நாடகம் செல்பவர்கள், எல்லா அறிக்கைகளையும் ஒரே உறையில் போட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள். முதல் ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்துக் கணவரின் செல்போனிலும் வையுங்கள். இன்றே வீட்டுக் காலண்டரில் தேதியைக் குறியுங்கள். கணக்கிடத் தெரியாவிட்டால் நம் பெண்கள் குழுவின் சகோதரிகளிடம் வாருங்கள், எண்ணித் தருவார்கள்.

நம் கர்ப்பிணிச் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப்பிரசவத்தையும், ஆரோக்கியமான ஸாலிஹான பிள்ளைகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.