அழைப்பு மரபு (நுண்செயலி)

அழைப்பு மரபு என்பது, ஒரு செயற்கூறை அழைக்கும்போது அளபுருக்களின் மதிப்புகளை எங்கு வைக்க வேண்டும் என வரையறுக்கும் விதியாகும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' நுண்செயலி, ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. அதன் மரபுப்படி முதல் 8 முழு எண்கள் ஏ0 முதல் ஏ7 வரையிலான பதிவகங்களில் அனுப்பப்படும். ஒன்பதாவது எண் நினைவகத்திலுள்ள அடுக்கில் வைக்கப்படும்.

இம்மரபு மீறப்பட்டால் பெரும்பாலும் பிழைச் செய்தி வராது. விடை மட்டும் தவறும். இதைச் சோதிக்க, அசெம்பிளி மொழியில் எழுதிய செயற்கூறுக்கு சி நிரலிலிருந்து 1 முதல் 9 வரையிலான எண்கள் அனுப்பப்படுகின்றன. அவற்றைக் கூட்டினால், இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தாலும் விடை 45 தான். மாறாக, வரிசைப்படி இலக்கங்களாகச் சேர்த்தால் 123456789 வர வேண்டும். எந்த இலக்கம் மாறியிருக்கிறதோ, அந்த அளபுருவே இடம் தவறியது.