தானே சுருளும் நாய்க்கயிறு: வாங்கலாமா, வேண்டாமா?

நம் மும்பைத் தமிழர் வீடுகளில் நாய் வளர்ப்பது ஒரு காலத்தில் அபூர்வம். மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து ஒற்றை அறைக் குடித்தனங்களில் மனிதர்கள் கால் நீட்டிப் படுக்கவே இடம் போதாது; நாய்க்கு எங்கே போவது? இப்போது காலம் மாறிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான தம்பதி, துணைக்கு ஒரு லாப்ரடாரோ பக்கோ என்று பல குடும்பங்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குச் சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையும் கொண்டுவருவதோடு நாய்க்கும் ஒரு பரிசு கொண்டுவருகிறார்கள். அதுதான் ரிட்ராக்டபிள் லீஷ் எனப்படும், தானே நீண்டு தானே சுருட்டிக்கொள்ளும் கயிறு. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. "இதை உபயோகிக்கலாமா சார்?" என்று சங்க நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ரயில்வேயில் பிரேக், கப்ளிங் என்றே காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் ஒரு சிறு உருளை. அதன்மேல் மெல்லிய நைலான் கயிறோ பட்டையோ சுற்றியிருக்கும். தச்சரின் இஞ்சு டேப்பில் இருப்பதுபோல் ஒரு தட்டைச் சுருள்வில் கயிற்றை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். நாய் முன்னே போனால் கயிறு நீளும். திரும்பி வந்தால் சுருளும். கட்டை விரலால் பொத்தானை அழுத்தினால் உருளை நிற்கும். சாதாரணமாக 3 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை நீளத்தில் வருகிறது. யோசனை புதிதல்ல. 1908-லேயே நியூயார்க்கைச் சேர்ந்த மேரி டெலானி என்ற பெண்மணி இப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஆனால் உலகம் முழுவதும் பரவியது ஜெர்மனியில் மன்ஃப்ரெட் போக்டான் என்பவர் 1970-களில் தொடங்கிய ஃப்ளெக்ஸி நிறுவனத்தின் மூலம். மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தை ஸ்டார்ட் செய்ய ஒரு கயிற்றை இழுக்கிறோமே, விட்டால் உள்ளே ஓடிவிடுமே, அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம்.

இதில் நன்மைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. நாய்க்கு உலகம் என்பது மூக்கு வழியே தெரிவது. ஒன்றரை மீட்டர் கயிற்றில் நம் காலோடு ஒட்டி நடக்கும் நாய்க்கு மோந்து பார்க்கும் சுகம் கிடைப்பதில்லை. நீளும் கயிற்றில் அது நாலா பக்கமும் போய்வரும்; நாம் நம் வேகத்தில் நடக்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம். கயிறு தரையில் புரளாததால் மழைக்காலச் சேறு கையில் ஒட்டாது. நாயின் காலிலும் சிக்காது. சாதுவான சிறிய நாய், ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த மைதானம், இரண்டும் சேர்ந்தால் இதைவிட நல்ல சாதனம் இல்லை.

ஆனால் ரயில்வேக்காரன் கண்ணுக்கு இதில் ஒரு அடிப்படைக் குறை தெரிகிறது. எங்கள் தொழிலில் முதல் பாடம், ஏதாவது பழுதானால் வண்டி நிற்க வேண்டும் என்பது. பிரேக் குழாய் அறுந்தால் காற்றழுத்தம் குறைந்து பிரேக் தானே பிடிக்கும். பழைய கைகாட்டி சிக்னலில் கம்பி அறுந்தால் கை தானாக அபாய நிலைக்கு வரும். நாம் தினமும் ஏறிய லோக்கல் வண்டியில் மோட்டார்மேன் மயங்கிக் கைப்பிடியை விட்டுவிட்டால் வண்டி நின்றுவிடும். அதாவது, மனிதன் ஒன்றும் செய்யாவிட்டால் பாதுகாப்பு.

இந்தக் கயிறு நேர் எதிர். மனிதன் ஒன்றும் செய்யாவிட்டால் நாய் ஓடும். நிறுத்த வேண்டுமானால் சரியான கணத்தில் விரல் அழுத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாய் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால் விநாடிக்கு 5 மீட்டர். 5 மீட்டர் கயிறு ஒரே விநாடியில் தீர்ந்துவிடும். எதிரே ஸ்கூட்டர் வருவதைப் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் நம் வயதில் அந்த விநாடி போய்விடுகிறது.

அப்புறம் வருகிறது உலுக்கல். கூட்ஸ் வண்டியில் கப்ளிங் தளர்வாக இருந்தால் புறப்படும்போது கடைசியில் இருக்கும் கார்டு படும் பாடு எங்களுக்குத் தெரியும். அதே கதைதான் இங்கும். 30 கிலோ லாப்ரடார் அந்த வேகத்தில் போய், கயிறு தீர்ந்து, ஐந்தில் ஒரு விநாடியில் நின்றால், இழுப்பு சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். ஒரு முனையில் நாயின் கழுத்து; மறு முனையில் நம் தோள்பட்டை. குட்டைக் கயிற்றில் நாய்க்கு இந்த வேகம் எடுக்கவே இடம் இருக்காது.

கயிறு கையில் சுற்றினால் தோலை உரித்துவிடும். விரலையே துண்டித்த சம்பவங்கள் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் ஒரு வகைக் கயிற்றின் உலோகக் கொக்கி உடைந்து திரும்பிப் பாய்ந்து காயப்படுத்தியதால், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கயிறுகளைத் திரும்பப் பெற்றார்கள். எந்தக் கயிறானாலும் கவனம் தேவை என்பதற்கு இன்னொரு கணக்கு: 2001 முதல் 2020 வரை, கயிற்றில் நாயை நடத்திச் சென்று காயமடைந்து அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்கள் சுமார் 4 லட்சத்து 22 ஆயிரம் பேர் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. முதியவர்கள் விழுந்து எலும்பு முறிவது அதில் முக்கியமானது.

நம் ஊருக்கென்று தனி அபாயங்களும் இருக்கின்றன. எங்கள் சொசைட்டியில் ஒரு மாமி லிப்ட் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். கயிறு நீண்டு நாய் உள்ளே போய்விட்டது. தானியங்கிக் கதவு மூடத் தொடங்கியது. வாட்ச்மேன் ஓடிவந்து கையை நுழைத்துக் கதவைத் திறந்தார். லிப்ட் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தெரு நாய்க் கூட்டம் வந்தால் 5 மீட்டர் தள்ளி நிற்கும் நம் நாயை இழுத்துத் தூக்க முடியாது. கைப்பிடி நழுவி விழுந்தால் சுருள்வில் அதை நாயை நோக்கி இழுக்கும். பின்னால் தடதடவென்று ஏதோ துரத்துகிறது என்று நாய் மிரண்டு தலைதெறிக்க ஓடும். நம் நாய் பிறருக்குத் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வது சட்டப்படியும் நம் பொறுப்பு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி, இதில் அலட்சியம் காட்டினால் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். தெரு, படிக்கட்டு, லிப்ட், சந்தை ஆகிய இடங்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் சாதாரணப் பட்டைக் கயிறே போதும். மைதானம் போய்ச் சேர்ந்தபின் சுருள் கயிற்றை மாட்டுங்கள். வாங்கும்போது நாயின் எடைக்கு ஏற்றதா என்று அட்டையில் பாருங்கள். மெல்லிய கயிற்றைவிட முழு நீளமும் பட்டையாக உள்ளது மேல். கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். ஓடும் கயிற்றை ஒருபோதும் கையால் பிடிக்காதீர்கள், விரலில் சுற்றாதீர்கள். வாரம் ஒருமுறை கொக்கியையும், அதை ஒட்டிய ஒரு மீட்டர் கயிற்றையும் பரிசோதியுங்கள்; பிசிறு தெரிந்தால் தூக்கி எறியுங்கள். மழையில் நனைந்தால் முழுவதும் வெளியே இழுத்துப் பூட்டி, உலர்ந்தபின் சுருளவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சுருள்வில் துருப்பிடிக்கும். பழுதானால் கைப்பிடியைத் திருப்புளியால் திறக்க வேண்டாம். முறுக்கேறிய வில் முகத்தில் பாயும்.

இழுத்தால் கயிறு நீளும் என்று பழகிய நாய் எப்போதும் இழுக்கத்தான் செய்யும். எனவே குட்டி நாய்க்கு முதலில் குட்டைக் கயிற்றில் ஒழுங்காக நடக்கவும், "வா" என்றால் வரவும் கற்றுக்கொடுங்கள். அதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் தேவையில்லை. தினம் பத்து நிமிஷமும் கொஞ்சம் பிஸ்கட்டும் போதும்.